நாலாவது விரல்

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கை சிகிச்சைப் பிரிவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிசியோதெரபி பிள்ளைகளுக்கு ஒருநாள் வகுப்பாம். நான் வந்து பத்து நிமிடம் பேச வேண்டுமாம். தலைப்பு: நோயாளியின் ஒத்துழைப்பு.

“இப்பல்லாம் ஈஸி அக்கா,” என்றாள். “எக்ஸசைஸ் எல்லாம் பேஷண்ட் போன்லயே வந்துரும். ஒரு கார்ட்டூன் கை செஞ்சு காட்டும். அவங்க முடிச்சிட்டேன்னு அமுக்கினா கைதட்டும்.”

“செய்யாம அமுக்கினா?”

கொஞ்சம் யோசித்தாள். “அப்பவும் கைதட்டும்தான்.”

பத்து நிமிடம் கொடுத்தால் நானும் எல்லோரையும் போல ‘நோயாளியிடம் அன்பாகப் பேசுங்கள், அவர் ஒத்துழைப்பார்’ என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். உண்மையைச் சொல்ல அதைவிட அதிக நேரம் வேண்டும். அதனால் இடுப்பு வலி, வர முடியாது என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இடுப்பு வலி பொய்யில்லை. அதற்குச் செய்யவேண்டிய ஐந்து பயிற்சிகளும் எனக்கு மனப்பாடம். செய்வதில்லை, அவ்வளவுதான்.

நான் பெக்கோக் பக்கத்துக்காரி. அப்பா ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி. மகள் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மதிப்பெண்கள் வேறு மாதிரி நினைத்தன. கோலாலம்பூரில் மூன்று வருடம் படித்தேன். கையில் இருபத்தேழு எலும்புகள் இருக்கின்றன என்பதையும், அவை ஒவ்வொன்றையும் பற்றித் தேர்வில் கேட்பார்கள் என்பதையும் கற்றேன். பிறகு ஜொகூரில் ஓர் அரசு மருத்துவமனையில் போட்டார்கள். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்கு மருந்து கொடுக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அங்கேதான். ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் யாராயிருந்தாலும் நம்மவர்களுக்கு அவள் ‘மிஸ்ஸி’, அதாவது தாதி. நான் தாதி இல்லை என்று முதல் வருடம் முழுக்க விளக்கினேன். இரண்டாம் வருடத்திலிருந்து மிஸ்ஸி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பிரிவின் தலைவர் மிஸ்டர் குணரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மலேசியாதான் என்றாலும் நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கியவர் போலத் தமிழ் பேசுவார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகியிருக்கும் இடத்தில் அவர் கோனியோமீட்டர் செருகியிருப்பார். இரண்டு குட்டை அடிக்கோல்களை ஓர் ஆணியில் கோத்தது போலிருக்கும். விரல் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, எத்தனை டிகிரி நிமிர்கிறது என்று அதை வைத்துத்தான் அளப்போம்.

அளப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. நோயாளியின் கை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் இருக்க வேண்டும். துடைத்த பிறகு, நான்காக மடித்த துண்டின் மேல் முழங்கையை ஊன்ற வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் மூன்று தடவை அளக்க வேண்டும். மூன்றும் வேறுபட்டால் தவறு விரலில் இல்லை, அளந்தவரிடம். எண்ணைப் பாரத்தில், அதாவது படிவத்தில், பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும்.

“ஏன் சார் பேனா கூடாது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பேனையால் எழுதினால் நீர் அதை நம்பத் தொடங்கிவிடுவீர், பிள்ளை.”

‘முன்னேற்றம் தெரிகிறது’, ‘நன்றாக இருக்கிறது’ போன்ற சொற்கள் அவர் காதில் விழுவதேயில்லை. “எனக்குக் கதை வேண்டாம். டிகிரி சொல்லும்” என்பார். நோயாளி வீட்டில் பயிற்சி செய்தாரா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. “செய்தீங்களா எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். எது கஷ்டமாய் இருந்தது எண்டு கேளும். செய்தவனுக்குத்தான் விடை தெரியும்.”

இதையும் சொல்ல வேண்டும்: அவருடைய வலது தோள் இறுகிப்போயிருந்தது. மேல் தட்டிலிருக்கும் நோயாளிக் கோப்புகளை அவரால் எட்ட முடியாது. மாநிலத்திலேயே தோள் பயிற்சிகளை அவரைவிடத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்கக்கூடியவர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கோப்புகளை நாங்கள்தான் எடுத்துக் கொடுத்தோம்.

கை சிகிச்சையில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை நான் முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டேன். விரலை மடக்குவது ஒரு தசைநாண். வீட்டில் நரம்பு என்போம். அது அறுந்தால் சர்ஜன் தைத்துவிடுவார். தைத்த பிறகுதான் வேலையே. அசைக்காமல் வைத்தால் தையல் போட்ட இடம் சுற்றியிருப்பதோடு ஒட்டிக்கொள்ளும், விரல் கட்டையாகிவிடும். அதிகம் அசைத்தால் அறுந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு சின்ன வழியில் நோயாளியை மூன்று மாதம் நடத்திக்கொண்டு போக வேண்டும். அவருக்கோ மூன்றாம் வாரமே வலி போய்விடும். குணமாகிவிட்டது என்று நினைப்பார்.

செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் வந்தார். ஐந்தாம் வாரம் விரல் அழகாக மடங்கியது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. வாய் நிறையப் பாராட்டி அனுப்பினேன். அவர் வீட்டுக்குப் போய் கேஸ் நிறைந்த இரும்புத் தோம்பைத் தூக்கி அடுப்படியில் வைத்தார். மறுநாள் வந்து நின்றார். “உள்ளுக்குள்ள டக்குன்னுச்சு மிஸ்ஸி.” விரல் நீட்டியபடி நின்றது. அதன் பிறகு அது மடங்கவே இல்லை.

குணரத்தினம் திட்டவில்லை. “நீர் அவரிட்ட என்ன சொன்னீர்?” என்று மட்டும் கேட்டார்.

“பிரமாதம்னு சொன்னேன் சார்.”

“எத்தனை டிகிரி பிரமாதம்?”



இனி சவரிநாதன் மாஸ்டருக்கு வருகிறேன். நான் கை சிகிச்சையில் ஓரளவு தேர்ந்துவிட்டேன் என்று நம்பத் தொடங்கிய வருடத்தில்தான் அவர் வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. ஸ்கூடாயில் கடைவீட்டின் மாடியில் வயலின் வகுப்பு நடத்தினார். மேற்கத்திய வயலின், பிள்ளைகளை ஒவ்வொரு கிரேடாகத் தேர்வுக்கு அனுப்புகிறவர். கல்யாணங்களிலும் தேவாலயத்திலும் வாசிப்பார். அவர் வாசித்தால் பெண்கள் அழுவார்கள் என்று அவரே சொன்னார்.

டுரியான் சீசனில் அந்த முள்பழத்தை இடது கையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு வலது கையால் கத்தியைச் செருகித் திருகியிருக்கிறார். கத்தி பழத்தைத் தாண்டி வந்தது. மோதிர விரல், சுண்டு விரல் இரண்டிலும் மடக்கும் தசைநாண் அறுந்தது. வயலின்காரருக்கு இடது கைதான் கம்பியை அழுத்தும் கை என்பதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் முதல் நாள் மூன்று தடவை சொன்னார்.

அறுவை சிகிச்சை முடிந்து நாலாம் நாள் வந்தார். மணிக்கட்டையும் விரல்களையும் வளைத்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கூடு ஒன்றை நான் செய்து மாட்டினேன். கூட அவர் மனைவி பிலோமினா வந்திருந்தார். சிங்கப்பூரில் வேலை, அன்று விடுப்பு. நான் பயிற்சித் தாளை எடுத்ததும் மாஸ்டர் சிரித்தார்.

“எக்ஸசைஸ் பத்தி நீங்க எனக்குச் சொல்லவே வேணாம் லா மிஸ்ஸி. நான் இருவது வருஷமா புள்ளைங்கள எக்ஸசைஸ் பண்ணவச்சே சோறு சாப்பிடறவன். பாட்டு அப்புறம், மொதல்ல எக்ஸசைஸ்ன்னு எங்க ஸ்கூல் செவுத்துலயே எழுதி வச்சிருக்கேன்.”

பிலோமினா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

நான் கொடுத்தது மூன்றே பயிற்சிகள். மறு கையால் விரல் நுனியை மட்டும் மடக்கி விடுவது. நடு மூட்டை மட்டும் மடக்கி விடுவது. முழு விரலையும் மடக்கி, கூட்டின் கூரை வரை நிமிர விடுவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும். செய்ததும் தாளில் ஒரு சரி போட வேண்டும்.

அடுத்த வாரம் தாள் வந்தது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எல்லாச் சரிகளும் ஒரே நீலத்தில், ஒரே சாய்வில், கொக்குகள் வரிசையாகப் பறப்பது போல் இருந்தன. அன்று காலை பத்து மணிக்கும் சரி போட்டிருந்தார். அப்போது அவர் என் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் மூன்று மணிக்கும் போட்டிருந்தார். அந்த மூன்று மணி இன்னும் வரவே இல்லை.

“எது கஷ்டமா இருந்துச்சு மாஸ்டர்?”

“அஞ்சாவதுதான் மிஸ்ஸி,” என்றார் தயங்காமல். “உயிரை எடுக்குது.”

குணரத்தினத்திடம் சொன்னபோது அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம், அளக்க முடியவில்லை.

கட்டாயப்படுத்தி, வாரம் மூன்று நாள் நேரில் வரவைத்து, என் எதிரிலேயே செய்யவைத்தேன். நாலாம் வாரம் ஓரளவு மடங்கத் தொடங்கியது. ஐந்தாம் வாரம் கூட்டைக் கழற்றி, கையை வெந்நீரில் வைத்து, துடைத்து, துண்டின் மேல் ஊன்றவைத்தேன். அப்போது விரல் நுனிகளைப் பார்த்தேன். ஒரு மாதம் கூட்டுக்குள் இருந்த தோல் வெளுத்து, மிருதுவாகி, குழந்தை விரல் போலிருந்தது. அந்த மிருதுவான தோலில், மோதிர விரல் நுனியில் சிவப்பாக ஒரு மெல்லிய கோடு. நூல் வைத்து அழுத்தினாற்போல.

எனக்குக் கேஸ் தோம்பு ஞாபகம் வந்தது. குணரத்தினத்தைக் கூப்பிட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரல்களையும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். “என்ன வாசிச்சீர்?”

மாஸ்டர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு தன் விரலை. “ஒரே ஒரு பாட்டுதான் சார். பக்கத்து வீட்டுப் புள்ளைக்குப் பொறந்தநாள். கேட்டுட்டாங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?”

“தையல் அறுந்திருந்தால் இனி எந்தப் பிறந்தநாளுக்கும் முடியாது.”

“நல்லாத்தான் வந்துச்சு சார்.”

“அதுதான் எனக்குப் பயம்,” என்றார் குணரத்தினம். என்னைத் தனியே அழைத்துப் போனார். “பிளாஸ்டரில் போட்டுவிடுவம். நாலு கிழமை.”

நாலு வாரம் கையை மாவுக்கட்டில் பூட்டிவிட்டால் தசைநாண் அறுந்துபோகாது, அது நிச்சயம். ஆனால் ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பொத்தான் போடலாம், கார் ஓட்டலாம், டுரியான்கூடச் சாப்பிடலாம். வயலின் முடியாது. சொல்பேச்சுக் கேட்காத நோயாளிக்கு அதுதான் முறை. குணரத்தினம் தப்பாக எதுவும் சொல்லவில்லை.

வெளியே பிலோமினா சுவரோரம் நின்றிருந்தார். கேட்டிருக்கிறார். “மிஸ்ஸி, நான் ஒண்ணு சொல்லவா? இவருக்கு வயலினை விட்டா வேற ஒண்ணுமே வராது. அவிச்ச முட்டைகூட உரிக்க வராது. டுரியான் வெட்டின லட்சணத்தைத்தான் பாத்துட்டீங்களே. நான் வேலைக்குப் போயிட்டா, கையக் கட்டிக்கிட்டு அந்த மாடியில தனியா உக்காந்து என்ன செய்வாரு?”

கெஞ்சவில்லை. அடுத்த வாரத்துக்கு என்ன சாமான் வாங்கவேண்டும் என்று கேட்பது போல்தான் கேட்டார். அதனால்தான் என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. அரை மணி நேரம் தேநீரை ஆறவைத்துவிட்டு, மறுபடி குணரத்தினத்தின் அறைக்குப் போனேன்.

“சார், அவரு வயலினை இங்கயே கொண்டு வரச் சொல்லலாமா? வீட்டுல திருட்டுத்தனமா வாசிக்கறதுக்கு, நம்ம கண்ணு முன்னால பிடிக்கட்டும். நாம குடுக்கிற எக்ஸசைஸையே அதுல செய்யட்டும்.”

“இது ஆஸ்பத்திரி பிள்ளை. கச்சேரி மண்டபம் இல்லை.”

“சத்தமே வராது சார். கம்பி இருக்காது.”

பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். கம்பி இல்லையென்றால் விரல் எதையும் எதிர்த்து அழுத்த வேண்டியதில்லை. பலகையில் விரலை வைப்பதும் எடுப்பதும் அந்த வாரத்துக்கு அனுமதிக்கப்பட்ட அசைவுதான். இது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“பாரம் ஆர் நிரப்புறது?”

“நான் சார்.”

“அறுந்தால், அதையும் நீர்தான் எழுத வேண்டும்.”

சவரிநாதன் மாஸ்டரிடம் சொன்னபோது மாவுக்கட்டே பரவாயில்லை என்பதுபோல் பார்த்தார். “அலமாக்! கம்பி இல்லாம வயலினா? எல்லாக் கம்பியையும் ஒண்ணா கழட்டினா உள்ள நிக்கிற குச்சி விழுந்துரும் மிஸ்ஸி. அது விழுந்தா சத்தமே செத்துரும்.”

“ஏற்கனவே செத்துப்போன வயலின் ஒண்ணுகூடவா உங்க ஸ்கூல்ல இல்ல?”

இருந்தது. ஒரு மாணவி மாடிப்படியில் உருட்டிவிட்ட வயலின். அதையும், பிள்ளைகளுக்கு அவர் கொடுக்கும் பயிற்சிப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னேன். புத்தகம் வந்தது. அட்டை பளபளத்தது. உள்ளே பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, பிரிக்கும்போது சரக்கென்றது.

“புதுசா வாங்கினீங்களா மாஸ்டர்?”

“இல்ல,” என்றார். “நான் படிக்கிற காலத்துல வாங்கினது.”

எனக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வேண்டாவெறுப்பாகச் சொன்னார். வயலினில் ஆள்காட்டி விரல்தான் முதல் விரல். சுண்டு விரல் நாலாவது. நான்கையும் கம்பியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்து, அதே இடத்தில் வைக்க வேண்டும். மற்ற மூன்றும் அசையக் கூடாது. மெதுவாக. பிறகு அடுத்த விரல். இரண்டாம் பக்கத்தில் இரண்டிரண்டு விரல்களாக. மூன்றாம் பக்கத்தில் கையை வயலினின் கழுத்தோடு மேலும் கீழும் நகர்த்துவது, கட்டைவிரல் இறுகாமல்.

அவர் சொல்லச் சொல்ல நான் என் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக அசைப்பது, மூட்டைத் தேவையான அளவு மட்டும் வளைப்பது, வலுவைச் சேர்க்காமல் எண்ணிக்கையைச் சேர்ப்பது. கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் சொல்லிக் கொடுத்ததைத்தான் யாரோ ஒரு வயலின்காரர் புள்ளிகளாகப் போட்டு வைத்திருந்தார். என்னுடையதில் ஒவ்வொரு வாரமும் எந்தப் பக்கம் வரை போகலாம் என்ற தேதிகள் மட்டும் அதிகம்.

திங்கள், புதன், வெள்ளி. நடை பழகும் கம்பிகளுக்கும், கயிறும் கப்பியும் தொங்கும் மூலைக்கும் நடுவே ஒரு நாற்காலி. அதில் சவரிநாதன் மாஸ்டர், தாடையில் ஊமை வயலின். நான் எண்ணுவேன். ஒன்று, வை. இரண்டு, எடு. பக்கவாதம் வந்து கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவருக்கு இது பெரிய புதிர். “பாட்டு எப்போ?” என்று மலாயில் ஒவ்வொரு நாளும் கேட்பார். “நாளைக்கு அங்கிள்” என்பார் மாஸ்டர். அந்த ‘நாளை’ ஆறு வாரம் ஓடியது.

ஏமாற்ற வழியில்லை. ஏமாற்றுவதற்கு அவரிடம் இருந்தது பாட்டுதான். அதற்குக் கம்பி வேண்டும். அந்த நாற்காலிக்கு வந்த இரண்டாவது வாரத்தில் அவர் பேச்சு குறைந்தது. விரலைப் பார்க்கத் தொடங்கினார்.

அறுவை சிகிச்சை முடிந்த ஏழாம் வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மோதிர விரல் நன்றாக வளைந்து பலகையில் நுனியால் இறங்கியது. சுண்டு விரல் மட்டும் குச்சி மாதிரி நேராக, பக்கவாட்டில் விழுந்தது. மூட்டு மடங்கும் அளவை மேசையில் அளந்தால் போதுமானதாக இருக்கிறது. வயலினில் மட்டும் மடங்குவதில்லை. ஒட்டுதல் என்றால் இரண்டு இடத்திலும் மடங்காது. எட்டு நாள் இதை வைத்துக் குழம்பினேன். கடைசியில் நேரடியாகவே கேட்டேன்.

“மாஸ்டர், இந்த விரல் காயத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?”

மாஸ்டர் வயலினின் கழுத்தைத் தடவினார்.

“வயலின்ல இதை எப்படி வைப்பீங்க?”

வயலினை மடியில் இறக்கினார். “வைக்க மாட்டேன்.”

“புரியல.”

“நாலாவது விரல் எனக்கு எப்பவுமே வராது மிஸ்ஸி. சின்ன வயசுலருந்தே. அது வர்ற எடத்துல கையத் தள்ளிக்கிட்டுப் போயி மூணாவதுலயே வாசிச்சுருவேன். அப்படித் தள்றப்ப ஒரு இழுவை கேக்கும். அதைக் கேட்டுத்தான் எல்லாரும் அழுவாங்க.” சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “புள்ளைங்க நாலாவது விரல் வைக்கலன்னா அடிக்கோலால தட்டுவேன்.”

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய மனிதர் ஒருவர், பக்கவாதக்காரர்களுக்கு நடுவே, உடைந்த வயலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குணரத்தினத்திடம் பாரத்தைக் கொண்டுபோனேன். அதில் ‘காயத்துக்கு முன் இருந்த நிலை’ என்று ஒரு கட்டம் உண்டு. நோயாளியை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. நான் கேட்டேன்: “முன்ன இருந்த நிலையே சரியில்லன்னா என்ன சார் எழுதறது?”

நெடுநேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அரசாங்கம் அவருக்கு இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்கு எந்தச் சுற்றறிக்கையும் அனுப்பியிருக்கவில்லை. “காலியாய் விடும்,” என்றார் கடைசியில். “விரலைப் பார்ப்பம்.”

அன்றிலிருந்து நாலாவது விரலுக்கு மட்டும் தனியாக வேலை செய்தோம். முழங்கையை உள்ளே கொண்டுவந்தால் விரல் வளைய இடம் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தது நான்தான். புத்தகத்தின் முதல் பக்க அடிக்குறிப்பிலேயே அது எழுதியிருந்தது என்று கண்டுபிடித்தது மாஸ்டர். எட்டாம் வாரம் ஒரு கம்பி, தளர்வாக. பத்தாம் வாரம் இரண்டு. பன்னிரண்டாம் வாரம் தன் சொந்த வயலினைக் கொண்டுவந்தார். நான்கு கம்பிகள், முழு முறுக்கு. பிலோமினா விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். சீனக் கிழவர் கப்பியை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் வில்லை எடுத்தார். முதல் பக்கத்தை வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. நாலாவது விரல் நுனியால் இறங்கியது. ஒவ்வொரு ஒலியும் துடைத்து வைத்த பாத்திரம் போலிருந்தது. முடிந்ததும் அவர் கண் கலங்கியிருந்தது. வேறு யாருக்கும் கலங்கவில்லை.

“இதுக்கா இத்தனை வாரம்?” என்று மலாயில் கேட்டுவிட்டுக் கிழவர் கப்பிக்குத் திரும்பினார்.

இறுதி அளவை குணரத்தினமே எடுத்தார். வெந்நீர், துண்டு, மூன்று தடவை. சுண்டு விரலின் நடு மூட்டு முழுதாக நிமிரப் பத்து டிகிரி குறைவு, மடங்குவதில் குறையில்லை. எண்ணைச் சொல்லிவிட்டு, என் பக்கம் கையை நீட்டினார். பேனா கேட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் அந்த வகுப்புக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசியிருப்பேன். இரண்டு வருடம் கழித்து, குணரத்தினம் ஓய்வு பெற்று அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோது, மாஸ்டர் மறுபடி வந்தார். இடது முன்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே தொட்டாலே துள்ளினார். பக்கத்தில் பிலோமினா.

“என்ன செஞ்சீங்க மாஸ்டர்?”

“ஒண்ணும் செய்யல மிஸ்ஸி. எக்ஸசைஸ்தான்.”

“எவ்வளவு நேரம்?”

அவர் மனைவியைப் பார்த்தார். பிலோமினா அவரைப் பார்க்கவில்லை. “காலையில மூணு மணி நேரம். சாயங்காலம் புள்ளைங்க வர்ற வரைக்கும். புள்ளைங்களோட சேந்தும் செய்வாரு. இப்பல்லாம் புள்ளைங்களும் அவ்வளவா வர்றதில்ல. ஒரு வருஷமா பாட்டே சொல்லிக் குடுக்கறதில்லன்னு தாய் தகப்பன் எல்லாம் கோச்சுக்கிறாங்க. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் போறதில்ல. இன்னும் மூணாவது பக்கம் சுத்தமா வரலையாம்.”

“வரல மிஸ்ஸி,” என்றார் மாஸ்டர் கவலையாக. “கட்டைவிரல் இறுகுது.”

அளந்தேன். அழுத்திப் பார்த்தேன். அளவுக்கு மீறிய உழைப்பால் வந்த வீக்கம், வேறொன்றுமில்லை. என் தொழிலில் அதுவரை யாருக்கும் எழுதிக் கொடுக்காத ஒன்றை எழுத வேண்டியிருந்தது. “ஆறு வாரத்துக்கு எக்ஸசைஸ் கூடாது மாஸ்டர். ஒண்ணுகூட. கை சும்மா இருந்து இறுகிடாம, தினம் சாயங்காலம் ஒரு பாட்டு மட்டும். லேசான பாட்டு. அஞ்சு நிமிஷம்.”

அவர் முகம் வெளுத்தது. இரண்டு வருடம் முன்பு மாவுக்கட்டு என்று கேட்டபோதுகூட அப்படி வெளுக்கவில்லை. “எந்தப் பாட்டு?”

“ஏதாவது ஒண்ணு. உங்களுக்குத் தெரியாத பாட்டா?”

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “எதைத் தொட்டாலும் விரல்தான் கண்ணுக்குத் தெரியுது மிஸ்ஸி. பாட்டு தெரிய மாட்டேங்குது.”

“நம்ம கல்யாண ரிசப்ஷன்ல வாசிச்சீங்களே, அது,” என்றார் பிலோமினா. அறைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் பக்கம் திரும்பியிருந்தார். “மாலையக்கூடக் கழட்டாம வாசிச்சீங்களே.”

“அதுல நாலாவது விரலே கெடையாது.”

“அதனாலதான் நல்லா இருந்துச்சு.”

மாஸ்டர் தன் சுண்டு விரலைக் குனிந்து பார்த்தார். நான் அலமாரிப் பக்கம் திரும்பி, இல்லாத ஒரு நோயாளிக் கோப்பைத் தேடத் தொடங்கினேன்.

“எழுதிக் குடுங்க மிஸ்ஸி,” என்றார் பிலோமினா என் முதுகிடம். “நான் சொன்னா கேக்கமாட்டாரு. பேப்பர்ல இருந்தா செஞ்சுதான் ஆவாரு.”

எழுதிக் கொடுத்தேன். அரசாங்கத் தாளில், பிரிவின் முத்திரையோடு. பயிற்சி: ரிசப்ஷன் பாட்டு. எண்ணிக்கை: ஒன்று. நேரம்: மனைவி வேலை முடிந்து வந்த பிறகு. கண்காணிப்பவர் என்ற இடத்தில் பிலோமினா கையெழுத்துப் போட்டார்.

ஆறு வாரத்தில் வலி போய்விட்டது. பாட்டை நிறுத்தச் சொல்லி யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் இன்றைக்கும் வாசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.